பார்க்க வேண்டிய பத்தாவது இடம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். புத்தாண்டு வாழ்த்து அட்டையைத் தவிர என்னிடமிருந்து வேறெதுவும் வந்து உங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் உறையைப் பார்த்ததும் பதறியிருப்பீர்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இது அலுவலக விஷயம்.

நான் சுற்றுலாத் துறையில் வெளியீட்டுப் பிரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் மாவட்டத்துக்கு ஒரு கையேடு போடுகிறோம். 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று தலைப்பு. கடல், காடு, பழைய கட்டடங்கள், மக்கள் செய்யும் தொழில்கள் என்று ஊரில் இருப்பதை வைத்தே வெளியூர்க்காரர்களை வரவழைப்பது திட்டம். நம் கடலோர மாவட்டம் என் மேஜைக்கு வந்துவிட்டது. "நீங்க அந்த ஊர்க்காரர்தானே, கண்ண மூடிக்கிட்டு எழுதிடலாமே" என்றார் மேலதிகாரி. என் பணிப் பதிவேட்டில் பிறந்த இடம் என்று அந்த ஊர்தான் இருக்கிறது. ஐந்து வயதில் சித்தி வீட்டுக்கு வந்தவன் எதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது? அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது உங்கள் விலாசம் ஒன்றுதான்.

நேரில் பார்த்துவிட்டு வர அலுவலகம் என்னை அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பத்து இடங்களைப் பார்த்து, எப்படிப் போவது, என்ன தெரியும், எந்த நேரத்தில் போனால் நல்லது என்று எழுதி அனுப்ப முடியுமா? தொந்தரவு என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி


ஜூன் 13

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பயத்தில், இரண்டாம் தடவை சந்தோஷத்தில், மூன்றாம் தடவை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நடக்கிறேன். உனக்கு இழுப்பு வருகிறதா? சின்ன வயதில் மழை வாசனை அடித்தாலே உனக்கு மூச்சு இழுக்கும். வீட்டில் அவள் சுகமா? சித்தி காலமானபோது அரை மணி நேரம் பார்த்ததுதான். நல்ல முகம்.

தொந்தரவா என்று கேட்டிருக்கிறாய். நான் பார்த்துக்கொள்ளும் விடுதியில் எட்டு அறை. எட்டுச் சாவியும் என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. போன மாதம் அதில் இரண்டுதான் ஆணியை விட்டு இறங்கின, அதுவும் ஒரு மருந்து விற்பனைக்காரர், ஒரு வழி தவறிய தம்பதி. ஆள் படுக்காத மெத்தை கடல் காற்றில் பூசணம் பிடித்துவிடும். அதனால் நான் வாரத்துக்கு ஓர் அறை என்று மாற்றி மாற்றிப் படுக்கிறேன். இந்த வாரம் ஐந்தாம் நம்பர். எனக்கு நேரம் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

சுற்றிப் பார்த்து எழுதுகிறேன். முப்பது வருஷமாக வருகிறவர்களுக்கு வழி சொல்கிறேனே தவிர, நானே போய்ப் பார்த்தது பாதிக்கும் குறைவு. இதை வெளியே சொல்லாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்காதே. உன் கடிதம் சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. 'தயங்காமல் சொல்லிவிடுங்கள்' என்று அக்காவுக்கு எழுதுவார்களா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

இழுப்பு எப்போதோ நின்றுவிட்டது. நான் நலம்.

நோட்டீஸ் என்று சொன்னதைப் படித்துச் சிரித்தேன். பதினான்கு வருஷமாக 'பயணிகள் கவனத்துக்கு' என்று எழுதுகிறவனுக்குக் கை வேறு மாதிரி போவதில்லை. நீங்கள் உங்கள் பாணியிலேயே எழுதுங்கள், நான் சர்க்கார் பாஷைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

அவசரம் இல்லை. அக்டோபர் கடைசிக்குள் பத்தும் வந்தால் போதும், நவம்பரில் அச்சு. முட்டியை வருத்திக்கொண்டு எங்கேயும் ஏற வேண்டாம்.

தம்பி


ஜூலை 19

தம்பி,

ஏற வேண்டாம் என்றாய். நான் முதலில் போனதே கலங்கரை விளக்கத்துக்கு. நூற்று முப்பத்திரண்டு படி. எண்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து காவலாளி கத்துகிறார்: "அம்மா, பாதியில உட்கார்ந்தா பாதிக் கடல்தான் தெரியும்!" எனக்கு ரோஷம் வந்து ஏறிவிட்டேன். முழுக் கடலும் தெரிந்தது. நம் ஊர் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. விடுதி மொட்டை மாடியில் நான் காயப்போட்டிருந்த எட்டு விரிப்பும் எட்டுத் தபால் தலை மாதிரி. சாயங்காலம் நான்கு மணிக்குப் போகச் சொல், வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

இரண்டாவது, உப்பங்கழி. மூன்றாவது, அதன் கரையில் இருக்கும் அலையாத்திக் காடு. இரண்டுக்கும் ஒரே படகு. படகுக்காரர் வாய் ஓயாமல் பேசுகிறவர். "இந்த மரமெல்லாம் கடல்ல நின்னுக்கிட்டே மூச்சு விடுதும்மா, வேர வெளிய நீட்டி" என்றார். அவர் பேச்சை நிறுத்தி மூச்சு விட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் காட்டுக்கு உள்ளே போனதும் அவரே துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். தண்ணீர் வேரில் தட்டுகிற சத்தம் மட்டும். கையேட்டில் இதைப் போடு: இங்கே பேசக் கூடாது என்று யாரும் சொல்லாமலே பேச்சு நின்றுவிடும்.

நான்காவது, படகு கட்டும் துறை. பலகையை நெருப்பில் வாட்டி வளைக்கிறதை வெளியூர்க்காரர்கள் நாள் முழுக்கப் பார்ப்பார்கள். அப்பா கரையில் இருக்கும் நாளெல்லாம் அங்கே வந்து படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் பெஞ்சு இன்னும் இருக்கிறது. எண்ணெய் ஊறி ஊறி அதில் பூச்சி அரிக்கவில்லையாம். "உங்கப்பா கை பட்ட இன்ஜின் நடுக்கடல்ல நின்னதே இல்ல" என்றார் மேஸ்திரி. நான் கொஞ்ச நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அவள் சுகமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுத மறந்துவிட்டாய்.

குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நான்கு இடங்களும் மிக நன்றாக வந்திருக்கின்றன. 'பாதிக் கடல்' வரியை மேலதிகாரி படித்துவிட்டு, "இது யார் எழுதுனது, நீங்க இல்லையே?" என்றார்.

படகுத் துறை பகுதியில் அப்பாவைப் பற்றிய வரிகளை எடுத்துவிட்டேன். கையேட்டுக்கு அது தேவையில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சித்தி போன பிறகு அவள் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்தது. அப்பா பெயரில் சித்தப்பாவுக்கு வந்தது. 'இவனை இனிமேல் என்னால் வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் பிள்ளையாகவே வளருங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம்.' மூன்று வரி. அவருக்கு எழுதத் தெரியாது, அவருக்காக எல்லாக் கடிதமும் நீங்கள்தான் எழுதுவீர்கள் என்று சித்தி சொல்லியிருக்கிறாள். அதனால் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னார், நீங்கள் எழுதினீர்கள்.

சித்தி அதை ஒளித்து வைத்திருந்தாள், ஆனால் விஷயம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்பா வேண்டாம் என்று சொன்ன பிள்ளை என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார் என்று உங்கள் தந்தி வந்தபோது நான் ஏன் கிளம்பவில்லை என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

மீதி ஆறு இடங்களை எதிர்பார்க்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 6

தம்பி,

தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. முட்டி. அப்புறம் முதலாளி வெளிநாட்டிலிருந்து வந்து பத்து நாள் தங்கி, எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தாவது, சுண்ணாம்புக் காளவாய். கிளிஞ்சலை மலை மாதிரி குவித்து எரிக்கிறார்கள். ஆறாவது, மீன் ஏலம். காலை ஆறு மணிக்கு. ஏலக்காரர் பேசுவது எந்த பாஷை என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை, மூக்கைச் சொறிந்ததற்கு ஒரு கூடை மீன் என் தலையில் விழப் பார்த்தது. ஏழாவது, பழைய சுங்கச் சாவடி. கூரை இல்லை, ஆனால் தரையில் பதித்த தராசு இருக்கிறது. நான் ஏறி நின்றேன். முள் அசையவில்லை. எட்டாவது, ஆமை முட்டையிடும் கரை. ஒன்பதாவது, தாழை மணல்மேடு. ஒவ்வொன்றுக்கும் தனித் தாளில் விவரமாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

ஆமை முட்டையிட்டுவிட்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுமாம். அங்கே காவல் இருக்கும் அம்மா சொன்னாள். இதைக் கையேட்டில் போட வேண்டாம்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. இந்த வாரம் இரண்டாம் நம்பர் அறை. ஜன்னல் சரியாக மூடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் முட்டிக்கு ஏதாவது தைலம் போடுங்கள். போன கடிதத்தில் நான் எழுதியதற்கு நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. சங்கடப்படுத்திவிட்டேன் போலிருக்கிறது. விட்டுவிடுவோம்.

பத்தாவது இடத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பீர்களோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரே ஒரு ஞாபகம் இருக்கிறது. நான் யாருடைய தோளிலோ உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு பெரிய கறுப்புப் பாறை. அதற்குள்ளிருந்து புஸ்ஸென்று வெள்ளையாகத் தண்ணீர் சீறி மேலே கிளம்புகிறது. சுற்றி நிற்கிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு பின்வாங்குகிறார்கள். என் முகமெல்லாம் ஈரம். பின்னால் கடல் தெரிகிறது. நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். அவ்வளவுதான். அலை அடிக்கும்போது பாறை இடுக்கு வழியாகத் தண்ணீர் பீறிட்டுக் கிளம்பும் இடங்கள் சில கடற்கரைகளில் உண்டு, மற்ற மாவட்டக் கையேடுகளில் போட்டிருக்கிறோம். அப்படி ஒன்று நம் ஊரில் இருக்கிறதா?

அந்தத் தோள் யாருடையது? அப்பாவுடையதா? அவர் என்னைத் தூக்கியதாக எனக்கு வேறு ஞாபகமே இல்லை. அது அவராக இருந்தால், ஒரு நாளாவது என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று ஆகும். எனக்கு அது போதும்.

தம்பி


செப்டம்பர் 18

தம்பி,

இருக்கிறது. ஊதுபாறை என்று பெயர். தாழை மணல்மேட்டைத் தாண்டித் தெற்கே போக வேண்டும், பாதை சரியாக இருக்காது. கடல் பெரிதாக இருக்கும் நாளில்தான் ஊதும்.

அப்பாதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூட வந்தேன். நீ அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வீடு வரைக்கும் சிரித்தாய்.

பத்தும் ஆகிவிட்டது. இனிமேல் கடிதம் எழுத உனக்கு வேலை இருக்காது. இருந்தாலும் எப்போதாவது எழுது.

அக்கா


செப்டம்பர் 25

அக்கா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்திலேயே பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், ப்ரமோஷனா?" என்று கேட்டார்.

ஊதுபாறைதான் அட்டைப்படம். மேலதிகாரி ஒப்புக்கொண்டுவிட்டார். இதுவரை எந்தக் கையேட்டிலும் வராத இடம் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்டோபர் முப்பதாம் தேதி எங்கள் போட்டோக்காரர் வருகிறார். குளிக்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றாத மனிதர், பயப்பட வேண்டாம், நல்லவர். அவரோடு நானும் வருகிறேன். ஆமாம், நான்தான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டில் இரண்டு சாவியை ஆணியிலிருந்து இறக்கி வையுங்கள்.

முதலில் ஊதுபாறை. அங்கே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அப்புறம் அப்பாவைப் புதைத்த இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். இத்தனை வருஷம் அவரைத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். அவர் ஏதோ முடியாமல்தான் என்னை அனுப்பியிருக்க வேண்டும். தோளில் தூக்கிக்கொண்டு போனவர்தானே.

நவம்பர் ஐந்தாம் தேதி எல்லாம் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன்னால் உங்களைப் பார்த்துவிடுவேன் என்பதே எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 17

தம்பி,

மழையில் மணல்மேட்டுப் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். பாறை இடிந்து விழுந்துவிட்டது என்று இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். நீ வருவாய் என்று இரண்டாம் நம்பர் ஜன்னலைக்கூட ஆள் வைத்துச் சரி செய்தேன். நீ வந்தால் போதும், பாறை இல்லையே என்று நீ கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதினைந்து நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் நீ அப்பாவைப் புதைத்த இடத்தில் போய் நின்று, அவரை மன்னித்துவிட்டதாகச் சொல்லுவாய். பக்கத்தில் நின்று அதை நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஊதுபாறை என்று ஒன்று இல்லை. நான் சொன்ன பொய்.

நீ பார்த்தது ரயில் இன்ஜின். நம் ஊர் ஸ்டேஷன் கடலை ஒட்டித்தான் இருந்தது. இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிற இரும்புத் தூண் ஒன்று பிளாட்பாரத்து ஓரத்தில் நிற்கும். அன்றைக்குத் தண்ணீர் நிரம்பி வழிந்து சிதறியது. அதே நேரம் இன்ஜின் நீராவியைச் சீறி விட்டது. எல்லாரும் பின்வாங்கினார்கள். நீ சிரித்தாய். அது உன்னைச் சித்தப்பாவோடு அனுப்பிய நாள். நீ உட்கார்ந்திருந்தது என் தோளில். அழாமல் இருக்க வேண்டுமே என்று தூக்கிக்கொண்டு போனேன். அப்பா அங்கே இல்லை. அவர் நடுக்கடலில் இருந்தார்.

அந்தக் கடிதத்தை அவர் சொல்லி நான் எழுதவில்லை. கை மட்டும்தான் என்னுடையது என்று நினைத்திருக்கிறாய். சொன்னதும் நான்தான்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. நீ பிறந்த அன்று அம்மா போனாள். பதின்மூன்று வயதிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியவில்லை. இதெல்லாம் காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் நீ எதற்கோ அடம் பிடித்தாய். உன்னை வெளியே நிறுத்திக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். நீ அழுவாய், திறக்கலாம் என்று காத்திருந்தேன். நீ அழவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து எறும்புகளோடு பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. அன்றைக்கே சித்தப்பாவுக்கு எழுதினேன், அப்பா பெயர் போட்டு. ஒரு வருஷம் போதும் என்றுதான் நினைத்தேன். 'திருப்பி அனுப்ப வேண்டாம்' என்று போட்டால்தான் சரி என்பார்கள் என்று போட்டேன்.

அப்பா பன்னிரண்டு நாள் கழித்துக் கரைக்கு வந்தார். பித்தளைத் துண்டில் உனக்கு ஒரு பம்பரம் கடைந்து கொண்டுவந்திருந்தார். "எங்க அவன்?" என்றார். சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பம்பரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேரப் போட்டா எழுதின?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, அப்ப நான் எழுதினதாவே இருக்கட்டும். வாழப் போற பொண்ணு, உன்மேல பழி வேணாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் உன்னைக் கூட்டிவரக் கிளம்பிப் போனார். சித்தி வீட்டுத் தெருமுனையில் நின்றாராம். நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாயாம். "நல்லா இருக்கான், இருக்கட்டும்" என்று உன்னைக் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார்.

அவர் போனபோது நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் கேட்கவில்லை.

உன்னை அனுப்பிய அன்று, வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அக்கா, நீயும் ஏறு" என்றாய். "அடுத்த வண்டியில வரேன்" என்றேன். நான் வந்தபோது உனக்குப் பதினொரு வயது. கதவைத் திறந்து, "நீங்க யாரு?" என்று கேட்டாய். அன்றிலிருந்து எனக்கு 'நீங்கள்'தான். அதற்கப்புறம், சித்தி சாவுக்கு வந்த அரை மணி நேரத்தைத் தவிர, அங்கே வர எனக்கு முகம் இல்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வராமல் இருபது வருஷம் ஆகிறது, தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தூண் மட்டும் நிற்கிறது. சலவைக்காரர் அதில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்.

உன் பெயர் கெடாமல் பத்தாவது இடத்துக்கு வேறு எதையாவது போட்டுக்கொள். மேலதிகாரியிடம் அக்கா பொய் சொல்லிவிட்டாள் என்று சொல்.

முப்பதாம் தேதி வருவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

அக்கா


ஜனவரி 8

அக்கா,

முப்பதாம் தேதி நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. உன் பழக்கம் அது. போட்டோ எடுக்கத் தொப்பிக்காரர் தனியாக அங்கே வந்தபோது, என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்கு மூன்று வேளை சாப்பாடு போட்டாய் என்று சொன்னார். நான்காம் நம்பர் அறையில் படுத்தாராம். மெத்தை நன்றாக இருந்ததாம்.

இரண்டு மாதமும் உனக்கு எழுதினேன். எல்லாம் திட்டு. எதையும் தபாலில் போடவில்லை. 'நீங்கள்' என்று போட்டு ஒருவரைத் திட்ட முடியவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். பார்த்துக்கொள்.

நீ என்னை அனுப்பியது எனக்குப் புரிகிறது. பதினெட்டு வயதில் என் கையிலும் ஒரு பிள்ளையைக் கொடுத்திருந்தால் நானும் தாழ்ப்பாள் போட்டிருப்பேன். ஆனால் அப்பா சாகக் கிடந்தபோதாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். அவர் தெருமுனையில் நின்ற நாளை நான் எங்கே போய்த் தேடுவது? மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. பொய் எழுதக் கூடாது என்று இரண்டு பேருமே இப்போது இருக்கிறோம், இல்லையா.

நீ மூன்று தடவையாவது கேட்க நினைத்திருப்பாய், அவளைப் பற்றி. அவள் என்னை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சண்டையெல்லாம் இல்லை. கிளம்புகிறேன் என்றாள், சரி என்றேன். போகிறவர்களைப் போகாதே என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இங்கே இரண்டு அறை. ஒன்றை நான் திறப்பதே இல்லை. இழுப்பு நின்றுவிட்டது என்றேனே, அதுவும் பொய். நவம்பரில் மூன்று நாள் படுத்த படுக்கை.

கையேடு வந்துவிட்டது. ஒரு பிரதி இதோடு இருக்கிறது. அட்டையில் கலங்கரை விளக்கம். பத்தாவது இடத்தை நான் மாற்றினேன். "இங்க பார்க்க என்னய்யா இருக்கு?" என்று மேலதிகாரி ஒரு மணி நேரம் கத்தினார். தொப்பிக்காரர் எடுத்த படத்தைக் காட்டினேன். தூணும், அதில் காயும் வெள்ளை விரிப்புகளும், பின்னால் கடலும். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நீ பக்கம் புரட்டித் தேட வேண்டாம், இங்கேயே எழுதிவிடுகிறேன்:

'10. பழைய ரயில் நிலையம். கடலை ஒட்டி, மீன் ஏலத் துறையிலிருந்து நடக்கும் தூரம். இங்கே இப்போது வண்டிகள் நிற்பதில்லை. நீராவி இன்ஜின்களுக்குத் தண்ணீர் ஊற்றிய இரும்புத் தூண் இன்னும் இருக்கிறது. குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்ட வேண்டிய இடம். நேரம்: எப்போதும் திறந்திருக்கும்.'

இனி உன் விடுதிக்கு ஆட்கள் வருவார்கள். அதற்குள் ஒன்று செய்.

நான் அங்கே வர மாட்டேன். இப்போது முடியாது. அப்பா முன்னால் போய் நிற்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். நீ வா. பஸ்ஸில் மூன்று மணி நேரம் வந்தால் ஜங்ஷன், அங்கிருந்து காலை வண்டி. நான் அந்த இன்னொரு அறையைத் திறந்து மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். பூசணம் பிடித்திருக்கிறது, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்.

வருகிறேன் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு அது ஞாபகம் இல்லை. ஆனால் ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம், யாரையும் அழைக்க வேண்டியிராத நாளிலும், இறங்குகிறவர்களை நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

தம்பி


ஜனவரி 13

தம்பி,

முட்டி பரவாயில்லை. எட்டுச் சாவியையும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பம்பரம் என் பையில் இருக்கிறது.

அடுத்த வண்டியில் வருகிறேன்.

அக்கா